மாற்றிப் பார்ப்பவருக்கு ஒரு வாழ்த்து

ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள் எந்தத் தெருவில் நின்றாலும் அங்கே முதல் ஆளாக வந்து சேர்பவரே, வணக்கம். சில நாள் நீங்கள் பட்டறை வைத்திருப்பவர். சில நாள் பக்கத்து வீட்டுக்காரர். சில நாள் வண்டியின் சொந்தக்காரரே நீங்கள்தான். ஆள் மாறினாலும் வாயில் வரும் வார்த்தை மாறுவதில்லை: "மாத்திப் பார்ப்போம்." பலர் ஆண்டுக்கணக்கில் எண்ணெயில் கைநனைத்துக் கற்கும் ஒரு தொழிலை இரண்டே சொல்லில் அடக்கிய உங்களைப் புகழாமல் இருப்பது நன்றி கெட்டதனம்.

முதலில் உங்கள் வேகம். கேள்வி கேட்டு யாரையும் நீங்கள் களைப்படையச் செய்வதில்லை. விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும்போது மட்டும் மக்கர் பண்ணுகிறதா, ஓடிச் சூடான பிறகு டீக்கடையில் நிறுத்தி எடுத்தால் அடம் பிடிக்கிறதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குளிரில் மட்டும் என்றால் அவர்கள் சோக்கையும் பைலட் ஜெட்டையும் பேட்டரியையும் நோக்கிப் போவார்கள். சூட்டில் மட்டும் என்றால் இக்னிஷன் காயில், பல்சர் காயில், இறுகிப்போன வால்வு என்று வேறு திசையில் போவார்கள். நேற்று மழையில் நனைந்ததா, வாட்டர் வாஷ் செய்தார்களா, ஊருக்குப் போயிருந்த ஒரு மாதம் ஓடாமல் நின்றதா என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஒவ்வொரு பதிலும் தேட வேண்டிய இடத்தைச் சுருக்கிக்கொண்டே வரும். உங்களுக்கோ எதையும் சுருக்கும் மனம் இல்லை. ஹெட்லைட் முதல் சைலன்சர் வரை வண்டி முழுவதையும் ஒரே மாதிரி சந்தேகிக்கும் நடுநிலை உங்களுடையது.

அடுத்தது உங்கள் பெருந்தன்மை. காசும் ஸ்பானரும் வேண்டாத சோதனைகளை நீங்கள் பிறருக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள். ஹேண்டில்பாரின் வலது பக்கத்துச் சிவப்பு சுவிட்ச் அணைந்திருந்தால் எஞ்சின் பற்றாது. புதிய வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டை மடக்காவிட்டாலும், கியரில் வைத்துக்கொண்டு கிளட்ச் பிடிக்காவிட்டாலும் செல்ஃப் எடுக்காது. பெட்ரோல் டேப் மூடியிருக்கலாம்; ரிசர்வுக்குத் திருப்ப வேண்டியிருக்கலாம். டேங்க் மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் ஒரு சொட்டு இறங்காது. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தால் அந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். இவை எல்லாவற்றையும் பார்க்க இரண்டு மூன்று நிமிடம் போதும். நீங்கள் கார்புரேட்டரை இறக்கி, ஸ்க்ரூக்களைத் தரையில் பரப்பி வைத்த பிறகு, அந்தச் சிவப்பு சுவிட்சைக் கண்டுபிடிக்கும் பெருமையை வேடிக்கை பார்க்கும் சிறுவனுக்குக் கொடுக்கிறீர்கள். பிள்ளைகளை இப்படி ஊக்குவிப்பவர்கள் அரிது.

செல்ஃப் பட்டனில் உங்கள் கட்டைவிரல் காட்டும் உறுதி தனிப் பாராட்டுக்குரியது. ஐந்து விநாடிக்கு மேல் அழுத்த வேண்டாம், எடுக்காவிட்டால் சற்று இடைவெளி விட்டு மறுபடி முயலுங்கள் என்றுதான் வண்டியோடு வரும் கையேடுகள் சொல்கின்றன. மோட்டார் சைக்கிளில் ஸ்டார்ட்டர் மோட்டார் அளவுக்கு மின்சாரத்தை இழுக்கும் பாகம் வேறில்லை என்பதுதான் காரணம். நீங்கள் சட்டம் போடும் காகிதத்துக்கு அஞ்சாதவர். பட்டன் அழுந்தியபடியே இருக்கும். சுழலும் ஓசை மெல்லக் குறையும். கடைசியில் ரிலே மட்டும் டிக் டிக் என்று அடிக்கும். ஒரு கோளாறோடு வந்த வண்டியை இரண்டு கோளாறுள்ள வண்டியாக உயர்த்திவிட்டு, நீங்கள் அமைதியாகச் சொல்வீர்கள்: "பேட்டரி போச்சு. மாத்திப் பார்ப்போம்."

உங்கள் கையில் மல்டிமீட்டர் என்றும் இருந்ததில்லை. சுமை தூக்காமல் நடப்பவர் நீங்கள். அந்தக் கருவியை வைத்திருப்பவர்கள் சாவி போடாத நிலையில் பேட்டரி முனைகளில் வைத்துப் பார்ப்பார்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது அதற்கு மேல் காட்டும். 12க்கும் கீழே இறங்கியிருந்தால் காலி என்று பொருள். செல்ஃப் பட்டனை அழுத்தும்போது 9.5 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். எஞ்சின் ஓடும்போது லேசாக ரேஸ் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். அப்படி ஏறவில்லை என்றால் குற்றம் பேட்டரியுடையது அல்ல. அதற்குச் சார்ஜ் கொடுக்க வேண்டிய ரெக்டிஃபையரோ ஸ்டேட்டர் காயிலோ பழுது. அந்த நிலையில் புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் சில நாளில் அதுவும் காலியாகும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் நீங்கள் மாற்றிக் கொடுப்பதால் வாடிக்கையாளரின் உறவு ஒருமுறையோடு அறுந்து போவதில்லை. அவர் திரும்பி வருகிறார். சில சமயம் முனையில் படிந்த வெள்ளை உப்பைச் சுரண்டி, தளர்ந்த போல்டை இறுக்கியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும். அந்த அற்பக் காரணத்துக்கெல்லாம் குனிகிறவர் நீங்கள் இல்லை.

பிளக் விஷயத்தில் நீங்கள் துறவி. கழற்றிய பிளக்கை ஒரு கணமும் பார்க்காமல் எறியும் பற்றின்மை எல்லோருக்கும் வாய்க்காது. எஞ்சினுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தன் உடம்பில் எழுதிக்கொண்டு, ஒரே ஒரு ஸ்பானருக்கு வெளியே வந்துவிடும் பாகம் அது. அதன் முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் ஒழுங்காக நடக்கிறது. காய்ந்த கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் பாதியில் சிக்கியிருக்கலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ தாண்டி ஆயில் உள்ளே வருகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி ஈரத்தில் இருக்கிறது. பல தடவை கிக் செய்த பிறகு பிளக்கைக் கழற்றும்போது அது பெட்ரோலில் நனைந்திருந்தால், டேங்கிலிருந்து சிலிண்டர் வரை பெட்ரோல் வரும் பாதை திறந்திருக்கிறது. இனிப் பார்க்க வேண்டியது கரண்ட் வருகிறதா, பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறதா என்பது. பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. இக்னிஷன் காயிலைக் குறை சொல்ல இப்போது அவசியமில்லை. ஒரே பார்வையில் வண்டியின் பாதி நிரபராதி என்று விடுதலையாகிவிடும். நனைந்த பிளக்கைத் துடைத்து உலர்த்தி, கேப்பில் செருகி, பிளக் துளையிலிருந்து தள்ளி எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் பதிய வைத்து, சிந்திய பெட்ரோல் அருகில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கிக் செய்தால், நீலநிறத்தில் படபடவென்று பொறி வருகிறதா என்று தெரியும். மங்கிய மஞ்சளாக வந்தால் கரண்ட் பலமில்லை; பிளக் கேப்பில் மழைநீர் இறங்கியிருக்கலாம், எர்த் ஒயர் தளர்ந்திருக்கலாம். இவ்வளவையும் சொல்லக் காத்திருக்கும் அந்தச் சிறு துண்டைப் பேசவிடாமல் அனுப்பிவைத்து, பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, இடைவெளி சரியா என்றுகூடப் பாராமல் திருகுகிறீர்கள். அதுவும் நனைகிறது. இரண்டாவதும் கெட்டது என்கிறீர்கள். உற்பத்தியாளரையே சந்தேகிக்கும் துணிவு உங்களுக்கு உண்டு.

கார்புரேட்டரோ உங்கள் திருவிழா. அதைக் கழற்றாத நாள் உங்களுக்கு வேலை செய்த நாள் இல்லை. நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டியில் ஃப்ளோட் சேம்பரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படியும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் பைலட் ஜெட் அடைபடுவது உண்மையே. அதைச் சுத்தம் செய்வதும் முறையே. அந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாதது. அதற்கென்று இருக்கும் கிளீனரைத் தெளித்து, காற்று ஊதி அடைப்பை எடுக்கிறவர்கள் கஞ்சர்கள். நீங்கள் கம்பியை விட்டுக் குடைந்து, துளையைத் தாராளமாக்கிக் கொடுக்கிறீர்கள். அன்று முதல் அந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் பஞ்சம் இல்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொந்தக்காரர் கணக்குப் பார்க்கும்போது உங்கள் கொடை அவருக்குப் புரியும். மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் அது எத்தனை சுற்றில் நின்றது என்று எண்ணி வைத்துக்கொள்ளும் அற்பக் கணக்கும் உங்களிடம் கிடையாது. பழைய அளவு மறந்துவிட்டதால் வண்டி புது வாழ்வைத் தொடங்குகிறது.

டாப்பெட் சத்தம் பிடிக்காத மென்மையான காது உங்களுக்கு. லேசாக டக் டக் என்று கேட்டால் போதும், சத்தம் முழுதாக அடங்கும் வரை இறுக்கிவிடுவீர்கள். சிறிய எஞ்சின்கள் பலவற்றில் அந்த இடைவெளி 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்து வைக்க வேண்டிய அளவு. இடைவெளியே இல்லாமல் இறுக்கினால், சூடேறி நீளும் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வின் வழியாகக் கம்ப்ரஷன் கசியும். கிக்கர் இலேசாக இறங்கும், வண்டி பற்றாது. சூடான வேளையில் இன்னும் மோசம். நாளடைவில் வால்வின் விளிம்பே தீய்ந்துபோகும். ஆனால் வண்டி அமைதியாக இருக்கிறது. ஸ்டார்ட் ஆகாத வண்டியைவிட அமைதியான வண்டி உண்டா?

காலம் மாறியும் நீங்கள் மாறாததையும் போற்ற வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பிஎஸ்6 விதி வந்தது; அதன்பின் வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரை விட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓரிரு விநாடி ஊம் என்று ஒலித்து அடங்க வேண்டும். ஒலி இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்று தேட வழி கிடைக்கும். மீட்டரில் எஞ்சின் விளக்கு அணையாமல் நின்றாலோ கணக்காக மின்னினாலோ எந்த சென்சாரில் பழுது என்று அதுவே அடையாளம் காட்டும். பேட்டரி தளர்ந்தால் பம்ப்பும் கம்ப்யூட்டரும் தளரும் என்பதால் இந்த வண்டிகளில் வோல்ட்டைப் பார்ப்பதுதான் முதல் வேலை. நீங்களோ முன்னோர் வழி தவறாமல், ஸ்டார்ட் செய்யுமுன் ஆக்ஸிலேட்டரை நான்கு தடவை முறுக்குகிறீர்கள். எஞ்சின் சுழலாத நிலையில் அந்த முறுக்கலால் ஒரு துளி பெட்ரோலும் இன்ஜெக்டரிலிருந்து வராது. பிறகு மின்னும் விளக்கைக் கண்ணுறுத்தல் என்று கருதி, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி அணைத்துவிட முயல்கிறீர்கள். சில வண்டிகளில் அது அணைந்தும் விடுகிறது. சொல்ல வந்த சாட்சி ஊமையாகிறது. வண்டி பழையபடி நிற்கிறது.

உங்கள் வீரத்தின் உச்சம் வெள்ளத்துக்கு மறுநாள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டிச் சென்றபோதும் தெருத்தெருவாக மோட்டார் சைக்கிள்கள் மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் பலருக்குக் கை நடுங்கியது. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், பிளக்கை எடுத்துவிட்டுக் கிக்கரை மெல்ல அமுக்கி சிலிண்டருக்குள் போன நீரை வெளியேற்ற வேண்டும், ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், கார்புரேட்டரையும் டேங்கையும் வடிக்க வேண்டும், எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் அதில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அறிந்து மாற்ற வேண்டும் என்றெல்லாம் அவர்கள் தயங்கினார்கள். நீங்கள் தயங்கவில்லை. "ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்ப்போம்" என்றீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலேறும் பிஸ்டன் நீரில் மோதும்போது கனெக்டிங் ராட் வளையும். ஆயில் மாற்றி, உலர்த்தி, சொற்பச் செலவில் மீட்டிருக்கக்கூடிய எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை செய்யும் அளவுக்கு மதிப்புள்ளதாக ஒரே அழுத்தத்தில் ஆக்கினீர்கள்.

இத்தனைக்கும் மேலான சாதனை ஒன்று உண்டு. பிளக், காயில், பேட்டரி, கார்புரேட்டர் கிட் எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு நீங்கள் கிக்கரை உதைக்கிறீர்கள். வண்டி பற்றுகிறது. கூட்டம் கைதட்டுகிறது. எது கெட்டிருந்தது, எது குணமாக்கியது என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கழற்றி எறிந்த நான்கில் மூன்று நல்லவையாக இருந்திருக்கலாம். எஞ்சினோடு பிறந்த தரமான காயில் குப்பைக்குப் போக, அதன் இடத்தில் பெயர் தெரியாத மலிவுச் சரக்கு உட்கார்ந்திருக்கலாம். கழன்றிருந்த ஒரு கனெக்டர் உங்கள் கை பட்ட அசைவில் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம். ஒரு வேகத்தடையில் மறுபடி கழலலாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாக நிற்கும் உதிரிபாகக் கடைகளுக்கு நீங்கள் மழை போன்றவர் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த மழை யார் வீட்டுக் கூரையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞனுக்கு வண்டிதான் கடை. அது நின்ற நாளில் வருமானமும் நிற்கும். அவன் கடன் வாங்கிக் கொடுக்கும் பணத்தில், தேவையில்லாத காயில் ஒன்று அவன் வீட்டின் ஒரு வார மளிகை. விடியற்காலையில் கோயம்பேட்டுக்குக் காய்கறி எடுக்கப் போகிறவருக்கும், பிரசவ வார்டில் இருக்கும் மனைவிக்குச் சோறு கொண்டுபோகிறவருக்கும் வண்டி எடுக்காத காலை எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் உங்களை நம்பித்தான் சாவியைக் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நீங்கள் ஒருநாளும் கேள்வி கேட்டுச் சோதித்ததில்லை.

உங்கள் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனையும் நினைக்கிறேன். கை சுறுசுறுப்பானவன். எந்த நட்டுக்கு எந்த அளவு ஸ்பானர் என்று கண்ணாலேயே சொல்வான். உங்களிடமிருந்து அவன் வேகமாகக் கழற்றக் கற்கிறான், வேகமாக மாட்டக் கற்கிறான். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும், கிக்கரின் எதிர்ப்பைக் காலால் உணரவும், பம்ப் ஒலிக்குக் காது கொடுக்கவும், சொந்தக்காரரிடம் "எப்பத்திலிருந்துண்ணே இப்படி?" என்று கேட்கவும் அவன் கற்கவில்லை. நாளை அவன் தனியாகக் கடை போடுவான். அவன் வாயிலும் அந்த இரண்டு சொல் இருக்கும். இப்படி ஒரு மரபை உண்டாக்கிய பெருமையும் உங்களையே சேரும்.

இனி, மறைபொருள் இல்லாத ஒரு புகழ்ச்சி. கொளுத்தும் வெயிலில் தார்ச்சாலையில் மண்டியிட்டு, யாரோ ஒருவருடைய வண்டிக்காக வியர்வை வழிய உழைக்கிறீர்கள். முழங்கால் வலிக்கக் கிக்கர் அடிக்கிறீர்கள். முடியாது என்று சொல்லி எழுந்து போவதில்லை. அந்த உழைப்பில் பொய்யில்லை. அது வீணாகிறதே என்றுதான் இத்தனையும் எழுதினேன். எஞ்சின் கேட்பது நான்குதான்: சரியான நேரத்தில் பலமான பொறி, அளவான பெட்ரோல், தடையில்லாத காற்று, கசியாத கம்ப்ரஷன். நான்கில் எது வரவில்லை என்று தெரியும்வரை கை எதையும் கழற்றக் கூடாது. ஒரு பாகத்தைத் தொடுமுன் ஒரு கேள்வி போதும்: இதுதான் காரணம் என்றால் வேறென்ன அடையாளம் தெரிய வேண்டும், அது தெரிகிறதா? தெரிந்தால் மாற்றுங்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள், மாற்றிய பின் எது தீர்ந்தது என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அப்படிச் செய்கிற அன்று உங்களைப் புகழ நான் இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்காது. "என்ன கோளாறுன்னு சரியாச் சொன்னார்" என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போவார். அது போதும்.